பதினாறு நாள் சாவி

ஜட்கா வண்டி மைதானத்து முனையிலேயே நின்றுவிட்டது. “இதுக்கு மேல குதிரை போவாது எசமான், ஒரே தலையா இருக்கு” என்றான் மஸ்தான் சாயபு. சபாநாயக முதலியார் வண்டியின் பக்கத்துத் தட்டியை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தார். நிதிக் கம்பெனியின் வாசற்படியிலிருந்து வேப்பமரம் வரைக்கும், வேப்பமரத்திலிருந்து தபாலாபீஸ் சுவர் வரைக்கும் ஜனம். தூ, என்று மனதுக்குள் துப்பிக்கொண்டார். நாலு நாளைக்கு முன்பு வரை மஞ்சக்குப்பம் சர்வானுகூல நிதியின் படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிய ஆட்கள்தான் இவர்கள். இன்றைக்குச் செருப்போடு படியில் ஏறி நிற்கிறார்கள். அதோ அந்த ஜவுளிக்கடைக்காரன், வட்டி ஒரு நாள் தள்ளினால் முகம் கொடுத்துப் பேசமாட்டான், இப்போது மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முகிறான். அழட்டும், நன்றாக அழட்டும். அவனுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார், குடுமி அவிழ்ந்தது தெரியாமல் முண்டுகிறார். அவருக்குப் பின்னால் முன்சீப் கோர்ட்டுச் சேவகன், டவாலியைக் கழற்றாமலே வந்திருக்கிறான், அதைப் பார்த்துப் பயந்து இரும்புப் பெட்டி தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைப்பு. பணம் போடும்போது இவர்களுக்கு இருந்த பல் எத்தனை, சிரிப்பு எத்தனை. ஒருத்தனாவது நிதியின் சட்டப் புஸ்தகத்தை வாங்கிப் படித்திருப்பானா? நாற்பத்திரண்டு ஷரத்து. அத்தனையும் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. முப்பது வருஷம் கலெக்டர் கச்சேரியில், அதில் கடைசிப் பதினோரு வருஷம் சிரஸ்தாராக, எத்தனை துரைமாருக்குச் சட்டம் எடுத்துக் கொடுத்திருப்பார். இந்தக் கும்பலுக்குச் சட்டம் எதற்கு, முண்டத் தெரிந்தால் போதாதா.

இடுப்பில் சாவி உறுத்தியது. சாண் நீளச் சாவி, அரைஞாணில் கோத்து வேட்டி மடிப்புக்குள் செருகியது. தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டால் மஸ்தான் பார்ப்பான், மஸ்தான் பார்த்தால் கடலூர் முழுக்கப் பார்த்த மாதிரி. நிதியின் பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி காரியதரிசி தெய்வநாயகம் பிள்ளையிடம், ஒன்று நிதியின் தலைவரான இவரிடம். ஒன்றில்லாமல் ஒன்று திறக்காது. தெய்வநாயகம் பிள்ளை நாலு நாளைக்கு முன்னால் கிழக்கு வெளுக்குமுன் பெண்ணையாற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போய்விட்டான். அங்கே போய்விட்டால் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம், நம் போலீஸ்காரன் எல்லையில் நின்று கொட்டாவி விட வேண்டியதுதான். பத்து மைலில் ஒரு வேற்று ராஜ்யத்தை வைத்துக்கொண்டு நிதி நடத்துகிறோமே என்று ஒருத்தனுக்காவது தோன்றியதா, எனக்கே தோன்றவில்லையே, சரி அது இருக்கட்டும். போகிறபோது தன் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான், என்ன மரியாதை பார். பதினொரு மணிக்கு டிப்டி கலெக்டர் முன்னிலையில் பெட்டி திறக்க வேண்டும், தலைவர் தம் சாவியோடு வரவேண்டும் என்று உத்தரவு. அதற்காகத்தான் இந்தப் பயணம். வண்டியை அடையாளம் கண்டுகொண்ட யாரோ ஒருவன் கத்தினான். “சாவி வந்திருச்சி! முதலியார் சாவி வந்திருச்சி!” இன்னொருவன், “வழி விடுங்கய்யா, அந்தச் சாவி அவரு இடுப்ப வுட்டு எறங்காது, பெட்டியில எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும்” என்றான். கொஞ்சம் சிரிப்புக்கூடக் கேட்டது. முட்டாள்கள். நாலு நாளாக அழுதவன் ஒரு இரும்புத் துண்டைக் கேள்விப்பட்டதும் சிரிக்கிறான். இவர்களை நம்பி ஒருத்தன் நல்லவனாக இருக்க முடியுமா? தெய்வநாயகம் செய்ததில் தப்பே இல்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டுத் தட்டியை மூடினார்.

“எசமான், திருப்பட்டுமா?” என்று மஸ்தான் மெதுவாகக் கேட்டான். கெடிலத்துப் பாலத்தில் நடந்ததற்குப் பிறகு இது மூன்றாம் தடவை. பாலத்தின் நடுவில் எதிரே ஓடிவந்த ஆள் வண்டியைக் கண்டதும் தள்ளி நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “புவனகிரி சின்னய்யா விடியக்காலம் போயிட்டாருங்க” என்றான். புவனகிரிச் சிற்றப்பா, தகப்பனாரின் பங்காளி. காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து தீட்டு, பதினாறு நாள். நியாயப்படி அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்த் தலை முழுகியிருக்க வேண்டும். போ என்றார், ஏன் போ என்றார் என்று அவருக்கே தெரியாது. நிதியின் பெட்டி அறையில் லட்சுமி படம் இருக்கிறது, அணையா விளக்கு இருக்கிறது, தீட்டுக்காரன் அந்த வாசற்படி மிதிக்கக் கூடாது. மிதிக்க வேண்டாமே. இன்றைக்கு மிதிக்காமல் இருப்பதுதான் எவ்வளவு நல்லது. கிழவர் சாகவும் ஒரு நாள் பார்த்தார் பார். மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தார், போன தை மாதம் போய்விடுவார் என்று தெய்வநாயகம்கூட... தெய்வநாயகம்கூடக் கேட்டானே. “புவனகிரிச் சின்னய்யாவுக்கு ஒடம்பு எப்படிங்க இருக்கு? கஞ்சி எறங்குதுங்களா?” வாரம் தவறாமல் கேட்டான். ஆரஞ்சுப் பழம் வாங்கி அனுப்பினான். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லாத பாசம் பார் என்று அவர் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். பரங்கிப்பேட்டைப் பெரியப்பா படுத்தபோதும் அவன்தான் வைத்தியனைத் தேடிக்கொண்டு ஓடினான். வைத்தியன் வந்தும் பெரியப்பா போனார், பதினாறு நாள். விருத்தாசலத்தில் தம்பி மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது, பிறந்தாலும் தீட்டுத்தானே, அவன் கற்கண்டோடு வந்து நின்றான். இவருடைய பங்காளிகளில் யார் சாகக் கிடக்கிறார், யார் வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று இவரைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சாவையும் பிறப்பையும் ஒரு மனிதன் இப்படி வாசலில் காத்து நிற்பானா. காத்துத்தான் நின்றான். அவர் அதை மரியாதை என்று நினைத்தார்.

மடியில் இன்னொன்றும் இருந்தது, சாவிக்கு அந்தப் பக்கம், நாலாக மடித்த காகிதம். அதை நினைக்கக் கூடாது. வண்டிக்குள் புல் நாற்றம், குதிரை மூத்திரத்தின் நாற்றம், பாய்க்கடியில் வைக்கோல் குத்துகிறது, இந்தச் சாயபு புல்லை மாற்றி எத்தனை நாளாயிற்றோ, வாங்குகிற வாடகைக்கு ஒரு கட்டுப் புல் மாற்றமாட்டான், எல்லாரும் திருடர்கள். காகிதத்தை நினைக்கக் கூடாது. போன வெள்ளிக்கிழமை ஒரு வியாபாரி அடகு நகையை மீட்க வந்தான். அரக்கு முத்திரை வைத்துக் கட்டிய முடிச்சு. மாதம் பிறந்தால் டைரக்டர்கள் எல்லாரும் கூடி அந்த முடிச்சுகளை எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது வழக்கம், எண்ணுவதோடு சரி, ஒருத்தரும் அவிழ்க்கமாட்டார், அவிழ்த்தால் முத்திரைக்கு அவமரியாதை. வியாபாரி அவிழ்த்தான். உள்ளே பித்தளை வளையல். அவன் போட்ட கூச்சலில்தான் எல்லாம் வெளியே வந்தது, அன்று இரவே தெய்வநாயகம் கம்பி நீட்டினான். வளையலைச் சுற்றியிருந்த காகிதத்தை யாரும் கவனிக்கவில்லை. கணக்குப் பார்க்கும் கிருஷ்ணோஜி ராவ் மட்டும் கவனித்து, எடுத்துக்கொண்டுவந்து இவர் வீட்டில் தனியாகக் கொடுத்தார். அச்சடித்த பத்திரிகை. சிவமயம். சபாநாயக முதலியார் அவர்களின் பாரியை வடிவாம்பாள் அவர்கள் சிவபதம் அடைந்தபடியால் ஆடி மாதம் இருபத்தாறாம் தேதி உத்தரகிரியை. வடிவு. திருட்டுப் பயலுக்குக் கடலூரில் வேறே காகிதமா கிடைக்கவில்லை? மூன்று வருஷம் முன்னால் ஆடியில் வடிவு போனாள். முந்தின நாள் ராத்திரிகூட முருங்கைக் கீரையில் உப்பு அதிகம் என்று இவர் தட்டைத் தள்ளினார், அவள் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள், விடிந்தால் பேச்சே இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை, அவளையும் இந்தக் கும்பலைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. ஆனால் அந்தப் பதினாறு நாள் அழுதார். ஒருத்தருக்கும் தெரியாமல், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதார். சாவி கைமாறியதும் அப்போதுதான் முதல் தடவை. அவள் போன அன்றைக்குச் சாயங்காலம், தீட்டுப்பட்ட சாவி நிதிக்குள் வரக்கூடாது, பெட்டியும் பதினாறு நாள் பூட்டிக் கிடக்க முடியாது, என்ன செய்யலாம் என்று கேட்டபோது தெய்வநாயகம்தான் வழி சொன்னான். எசமான் வாசற்படியிலே வெச்சுடுங்க, மஞ்சத் தண்ணி தெளிச்சு நான் எடுத்துக்கறேன். வைத்தார். ராவ் பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். தெய்வநாயகம் மூன்று தரம் தெளித்து, சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எவ்வளவு ஆசாரம் என்று நினைத்தார். இவர் கொட்டகைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அவன் விளக்கு வெளிச்சத்தில் முடிச்சுகளை அவிழ்த்து, நகையை எடுத்து, இவர் பெண்டாட்டியின் சாவுப் பத்திரிகையில் பித்தளையைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பரங்கிப்பேட்டை. அதற்குப் பிறகு விருத்தாசலம். அதற்குப் பிறகு, போதும், எண்ண வேண்டாம்.

எண்ணாவிட்டால் என்ன, ஏழாவது ஷரத்து இருக்கிறது. தலைவர் வசமுள்ள சாவியை எக்காரணத்தை முன்னிட்டும் பிறர் வசம் ஒப்புவிக்கலாகாது, ஒப்புவித்தால் அதனால் விளையும் நஷ்டத்துக்கு அவர் தம் சொந்த ஆஸ்தியைக் கொண்டு ஜவாப்தாரி ஆவார். எழுதும்போது எழுத்துக்கு எழுத்து ரசித்துச் சொன்னார். தமக்குப் பின்னால் வரப்போகிற சோம்பேறித் தலைவர்களுக்காகச் சொன்னது. திருப்பாதிரிப்புலியூர் வீடு, தென்னந்தோப்பு, பதினெட்டுக் காணி நஞ்சை. யாருக்குத் தெரியும் சாவி கைமாறியது? தெய்வநாயகம் புதுச்சேரியில். ராவ் பேசமாட்டார், வாழ்நாளில் பேசியதில்லை, நிழலைப் பார்த்தே வணங்குகிற பிறவி. மற்ற டைரக்டர்களா? வக்கீல் அவசரமாகச் சென்னப்பட்டணம் போயிருக்கிறார், மிராசுதாருக்கு வயிற்றுக் கடுப்பாம், அவருக்குக் கடுப்பு வராத காரியம் எது. பெட்டி திறக்கும், உள்ளே பித்தளை இருக்கும், கள்ளச் சாவி போட்டுவிட்டான் பாவி என்று ஊர் சொல்லும், டிப்டி கலெக்டரும் அதையே எழுதுவார், விஷயம் முடிந்தது. இந்த ஜனம் கொஞ்ச நாள் மாரடித்துவிட்டு வேறொருத்தனிடம் கொண்டுபோய்ப் போடும். இவர்களுக்காக வீட்டை விடவா? எவனுக்காக? கச்சேரியில் மனுக் கொடுக்க வந்தவர்கள் வாய்க்குள்ளேயே முனகுவார்கள். சத்தமாய்ச் சொல்லு, பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்பார். அப்படிச் சொல்ல வைத்தால்தான் பாதிப் பேர் பொய் சொல்லமாட்டார்கள். நிதியிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. கருவாட்டுக்காரி பச்சையம்மா சந்தா சேர வந்த நாள் நினைவிருக்கிறது. புருஷன் எங்கே என்றார். முனகினாள். சத்தமாய்ச் சொல்லு என்றார். சொன்னாள், இன்னொருத்தியோடு போயிட்டாங்க என்று, உள்ளே இருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி. எல்லாரும் சிரித்தார்கள், தெய்வநாயகம் ஒருத்தன்தான் தலையைக் குனிந்துகொண்டான், அதையும் மரியாதை என்றே நினைத்தார். அவளுடைய காசு மேஜையில் விழுந்ததும் கருவாட்டு நாற்றம். துணியால் துடைத்துவிட்டு எண்ணுங்கள் என்று ராவிடம் சொன்னார்.

அதே நாற்றம் இப்போது வந்தது. நினைப்பினால் வருகிறதோ என்று பார்த்தால் இல்லை, வண்டியின் பின்பக்கத்தில் அவளே நின்றிருந்தாள், தலையில் காலிக் கூடையைக் கவிழ்த்து வெயிலுக்கு மறைத்துக்கொண்டு. “கும்புடறேன் சாமி. சாவிய எடுத்தாந்துட்டீங்களா?” என்றாள். உம் என்றார். “அது போதும். நான் வீட்டுக்குப் போறேன். இவங்கள்லாம் பெட்டி காலியா கெடக்கும்னு சொல்றாங்க. ரெண்டு சாவி இல்லாம எப்படிக் காலியாவும்? ஒங்க சாவி ஒங்க இடுப்புல இருக்கக்குள்ள எனக்கென்ன பயம்? பொண்ணுக்குத் தையில கல்யாணம், அப்ப வந்து வாங்கிக்கறேன்.” அசடு. இத்தனை கூட்டத்தில் இவள்தான் உண்மையான அசடு. போகட்டும், போய்விட்டால் நல்லது. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார், நாற்றத்தினால்தான். அவள் ஏன் இன்னும் நிற்கிறாள்? தையில் கல்யாணமாம். போ என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. நில், வரிசையில் போய் நில், கிடைப்பதை வாங்கிக்கொள் என்று சொல்ல நினைத்தார், அதுவும் வரவில்லை. அதற்குள் கும்பல் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. இத்தனை முகங்களையும் இவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்ததில்லை. வாத்தியாருக்குக் கண்ணோரத்தில் பீளை. ஜவுளிக்கடைக்காரனுக்கு உதடு வெடித்திருந்தது. எல்லாரும் அவர் முகத்தையல்ல, இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போக முடியாது. அந்தப் பெட்டி திறக்கிறபோது அங்கே நிற்க முடியாது. சிற்றப்பா, நல்ல நேரத்தில் செத்தீர்.

“எனக்குத் தீட்டு” என்றார். கச்சேரிக் குரல் வந்தது, அதுவே தைரியம் கொடுத்தது. “வருகிற வழியிலேதான் சேதி வந்தது. புவனகிரியிலே எங்கள் பங்காளி காலமாகிவிட்டார். நான் படி மிதிக்கக்கூடாது. டிப்டி கலெக்டர் அவர்களிடம் சொல்லுங்கள், சாவியை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.” ஐயோ பாவம் என்றது கூட்டம். செருப்போடு படியேறிய கூட்டம் தீட்டு என்றதும் இரண்டடி பின்வாங்கியது. அவ்வளவுதான், இவ்வளவு சுலபம். மஸ்தான் நிதியின் பக்கம் திரும்பி, “எசமானுக்குத் தீட்டுங்க!” என்று கூவினான். முதலியார் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து, எட்டி வண்டியின் பின்படியில் வைத்தார். இடுப்பு லேசாயிற்று. இனி பதினாறு நாள் வீட்டுக்கதவு மூடியிருக்கும், யாரும் வந்து கேட்கமாட்டார்கள், காகிதத்தை அடுப்பில் போடலாம். கூட்டத்துக்குள் வழி பிறந்தது. கிருஷ்ணோஜி ராவ் வந்துகொண்டிருந்தார். கையில் பித்தளைச் செம்பு. யாரும் கேட்காமலே மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்துவிட்டார், செம்பைச் சாய்க்கும்போது சிந்தாமலிருக்க அங்கவஸ்திரத்தை இடது கையில் சுருட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் தெளித்தார். வேகமாக, சீராக, பழகிய கை. சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

பச்சையம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்கினாள். ராவின் கையைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், முதலியாரைப் பார்த்தாள். கோபமாகக் கேட்கவில்லை, சந்தைக்கு வழி கேட்கிற மாதிரி கேட்டாள்.

“இதுக்கு முன்னாடி ஒங்களுக்குத் தீட்டு வந்தப்பல்லாம் இந்தச் சாவி யாருகிட்ட இருந்துச்சி சாமி?”

ராவின் கை கண்ணருகில் நின்றுவிட்டது. முதலியார் அவளை ஏளனமாகப் பார்க்க முயன்றார். முப்பது வருஷமாகக் கேட்காமலே வந்த பார்வை, இன்றைக்குக் கூப்பிட்டும் வரவில்லை. நாலு நாளாக வக்கீல் கேட்கவில்லை, டிப்டி கலெக்டர் கேட்கவில்லை, போலீஸ் இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை, இந்தக் கருவாட்டுக்காரி கேட்கிறாள். பொய் சொல்லலாம். என் தம்பியிடம் என்று சொல்லலாம், ராவ் மறுத்துப் பேசமாட்டார். ஆனால் ராவின் கண் நிறைந்திருந்தது. வடிவு போன அன்றைக்கும் அந்த மனிதர் இப்படித்தான் செம்பும் கையுமாக நின்றார், அன்றைக்கும் அவர் கண் இப்படித்தான் இருந்தது, அதைத் தாம் கவனித்ததும் கவனித்துவிட்டு இவனுக்கென்ன அழுகை என்று சலித்துக்கொண்டதும் இப்போது ஞாபகம் வந்தது. வீடு, தோப்பு, பதினெட்டுக் காணி. தையில் கல்யாணம். மடியில் காகிதம் வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

“தெய்வநாயகத்திடம்” என்றார். வாய்க்குள்ளேயே முனகல்தான் வந்தது.

பச்சையம்மா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் என்ன, என்ன என்று எம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் மறுபடி முதலியாரிடம் திரும்பினாள்.

“பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சாமி. சத்தமா சொல்லுங்க.”

முதலியார் வண்டியிலிருந்து இறங்கி நின்று, சத்தமாகச் சொன்னார்.